மாற்றி வைத்த தட்டு

நாற்காலி என்றால் உட்கார வேண்டும், கட்டில் என்றால் படுக்க வேண்டும். இது இரண்டும் இல்லை. கைப்பிடி ஓரத்தில் இருந்த பட்டனை நஞ்சப்பன் அமுக்கினார்; கால் பக்கம் எழும்பியது, தலைப் பக்கம் சரிந்தது, சவரக்கடையில் கிடக்கிற மாதிரிக் கிடந்தார். மறுபடி அமுக்கினார். நிமிர்ந்தது. சத்தமே இல்லை. பம்ப்செட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்ந்தவர், மோட்டார் நல்லதா கெட்டதா என்று காதே சொல்லிவிடும். இது நல்ல மோட்டார். நல்ல மோட்டாரைக் கொண்டுபோய் எதில் வைத்திருக்கிறார்கள் பார். பக்கத்து சீட்டில் அவர் வீட்டுக்காரி மயிலாத்தாள் அதே மாதிரிப் பட்டனைத் தெரியாமல் முழங்கையால் இடித்துவிட்டாள். "ஏனுங்க, ஏனுங்க, என்னைய எங்கயோ கொண்டுபோவுதுங்க!" கால் இரண்டும் மேலே போக, சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. மூச்சு கொஞ்சம் பலமாக வந்தது, அவ்வளவுதான். ஆனாலும் காய்ச்சலுக்குப் பிறகு அதுவும் வராமல்தான் இருந்தது. "கையை எடு. அதும்பாட்டுக்கு நிக்கும்" என்றார் சிடுசிடுவென்று. உள்ளே ஏதோ ஒன்று துள்ளியது. அதை அவர் வெளியே விடவில்லை. விட்டால் அவள் சுதாரித்துக்கொள்வாள். எல்லாம் மகள் கோகிலா பண்ணின வேலை. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே கோயம்புத்தூரில் சீட்டுப் போட்டுவிட்டாள். "அப்பா, இந்த தியேட்டர்ல படம் பாத்துக்கிட்டே சாப்பிடலாம். உக்காந்த எடத்துக்கே தட்டு வரும். அந்தச் சாக்குல அம்மா ரெண்டு வாய் தின்னாப் போதும்." தின்ன வைக்க தியேட்டரா? வீட்டில் இல்லாத அடுப்பா? என்று கேட்டிருப்பார். கேட்கவில்லை. வீட்டு அடுப்பு தோற்றுப்போய்த்தான் கிடந்தது. டைபாய்டு வந்தது, போனது, போகும்போது அவள் நாக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. "நாக்கு செத்துப்போச்சுங்க. எதைத் தின்னாலும் மண்ணாட்டம் இருக்குது" என்கிறாள். டாக்டர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை, ஆசைப்பட்டுச் சாப்பிட வேண்டும், இப்படியே போனால் உடம்பு தாங்காது என்றார். ஆசையை எந்த மருந்துக்கடையில் விற்கிறான்? வளையல் போடும்போது சோப்புத் தேய்க்க வேண்டிய கை அது. இப்போது கையைத் தூக்கினால் கண்ணாடி வளையல் எல்லாம் கிலுகிலுவென்று முழங்கை வரைக்கும் ஓடுகிறது. அந்தச் சத்தத்தை வீட்டில் அவர் எந்த அறையில் இருந்தாலும் கேட்டுக்கொண்டிருக்கிறார். டீவி சத்தத்தைக் கூட்டி வைத்தாலும் கேட்கிறது.

விளக்கு இன்னும் அணையவில்லை. சீட்டில் போர்வை வேறு வைத்திருந்தான். தூங்குகிறவன் வீட்டிலேயே தூங்கலாமே. மயிலாத்தாள் அதை எடுத்துப் பிரித்து, மூலைக்கு மூலை சேர்த்து மறுபடி மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள். கோகிலா சொன்ன நம்பர்படி பார்த்தால் நடைவழி ஓரத்து இடம் அவளுடையது, உள் இடம் அவருடையது. பஸ்ஸானாலும் கல்யாண மண்டபமானாலும் ஓரத்து இடம்தான் அவருக்கு. முழங்கால் நீட்ட வேண்டும், நினைத்தால் எழுந்து போக வேண்டும், இன்னொருத்தன் காலைத் தாண்டிக்கொண்டு போகிற ஆள் அவர் இல்லை. "உள்ள தள்ளிக்கோ" என்றார், தள்ளிக்கொண்டாள். ஏன் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள். கழுத்தில் சின்ன டார்ச் தொங்க ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். சட்டையில் ஜெசிந்தா என்று பெயர் குத்தியிருந்தது. "சார், ஆர்டர் இப்பவே சொல்லிட்டீங்கன்னா படம் ஆரம்பிச்சதும் கொண்டுவந்துடுவேன். சீட் நம்பர் போட்டுத்தான் கிச்சனுக்குப் போகும்." பெரிய அட்டையை நீட்டினாள். அட்டை முழுக்கப் படம். தெரிந்த பதார்த்தம் ஒன்றுகூட இல்லை. மூணு மூலை அப்பளத்தை ஒடித்துக் குவித்து மேலே மஞ்சளாக எதையோ ஊற்றி வைத்திருந்தார்கள். அப்பளம்தானே, பாதகமில்லை என்று அதன் மேல் விரலை வைத்தார். "எனக்கு இது." "நாச்சோஸ். ஓகே சார். மேடத்துக்கு என்ன பிடிக்கும்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டார். சாதாரணக் கேள்வி. பேர் என்ன, ஊர் என்ன என்கிற மாதிரிக் கேள்வி. அவளுக்கு என்ன பிடிக்கும்? அவருக்குப் பிடித்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. கொள்ளு ரசம், பச்சைப்பயறுக் கடைசல், சந்தவை, தேங்காய்ப்பால். அதெல்லாம் அவள் செய்கிறது, அவர் தின்கிறது. அவள் தின்கிறது? மீதி இருக்கிறதைத் தின்பாள். கடைசி தோசை, ஓரம் பிய்ந்தது. ரசத்தில் அடி மண்டி. குழம்புச் சட்டியில் போட்டுப் பிசைந்த சோறு. அது பிடித்ததா, இருந்ததா? மயிலாத்தாள் பக்கம் திரும்பினார். "இந்தா, உனக்கு என்ன வேணும், சொல்லு." "எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. நீங்க சாப்புடுங்க. நா பொறவு பாத்துக்கறேன்." பிறகு எங்கே பார்ப்பாள்? தியேட்டர் சமையல்கட்டுக்குள் போய்ப் பார்ப்பாளா? ஜெசிந்தா சிரித்துக்கொண்டே நின்றாள். பின்வரிசையில் எவனோ அவளைக் கைதட்டிக் கூப்பிட்டான். "வரும்ப்பா, வரும். என்ன அவசரம்?" என்று அவனைப் பார்த்து உறுமினார் நஞ்சப்பன், அவசரத்துக்கே பிறந்த மனிதர். "நோயாளி தின்னற மாதிரி என்ன இருக்குது?" என்று அந்தப் பெண்ணிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "ஸ்வீட்கார்ன் சூப் இருக்கு சார். காரமே இருக்காது. ரொம்ப லைட்." "அதைக் குடு." அவள் நம்பர் கேட்க, கோகிலா சொன்னபடியே உள் நம்பரைத் தனக்கும் ஓரத்து நம்பரை மயிலாத்தாளுக்கும் சொன்னார், அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள். நோயாளி. ஏன் அந்த வார்த்தை வாயில் வந்தது என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. காதில் விழுந்திருக்குமோ? மயிலாத்தாள் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

விளக்கு அணைந்தது. புகை பிடிக்காதே என்று நுரையீரலைப் பிழிந்து கறுப்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் வடித்துக் காட்டினான். அதைப் பார்த்துக்கொண்டே முன்வரிசைக்காரன் பர்கரைக் கடித்தான். மனுஷ வயிறு. அப்புறம் படம் ஆரம்பித்து எவனோ எவனையோ துரத்தினான், லாரி கவிழ்ந்தது, சீட்டே அதிர்ந்தது. நஞ்சப்பன் படத்தைப் பார்க்கவில்லை. இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு என்ன பிடிக்கும்? அதே இடத்தில் மண்டை மாட்டிக்கொண்டு நின்றது, ஆணியில் சேலை மாட்டிக்கொள்கிற மாதிரி. இத்தனை வருஷம் ஒரே கூரை. அவள் சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை. யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அவர் சாப்பிட்டு எழுந்து கை கழுவி, நாற்காலியில் போய் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்த பிறகுதான் சமையல்கட்டில் தட்டு வைக்கிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் குழாய் திறக்கிற சத்தம். இரண்டுக்கும் நடுவில் நடந்தது அவள் சாப்பாடு. அவர் அம்மா அப்படித்தான், அவள் அம்மா அப்படித்தான், புருசன் முன்னால் வாயை அசைக்கக் கூச்சம், யாரும் கற்றுக்கொடுத்ததும் இல்லை, வேண்டாம் என்றதும் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் ஆம்பளைப் பந்தி ஒரு பக்கம், பொம்பளைப் பந்தி அடுத்த பக்கம். கல்யாணம் ஆன புதிதில் தியேட்டருக்குக் கூட்டிப்போய் இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்தார். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இப்போது நினைத்தால், அந்த முறுக்கை எப்போது தின்றாள்? தின்றாளா? "சாப்புட்டயா?" என்று கேட்பார். "ஆச்சுங்க" என்பாள். காய்ச்சலுக்குப் பிறகும் "ஆச்சுங்க"தான். தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். கழுவின தட்டு என்ன சாட்சி சொல்லும்? ஆனால் வாசலில் கிடக்கிற தெருநாய், எலும்பெடுத்துத் திரிந்தது, இரண்டு மாதமாக உருண்டு திரண்டு கன்றுக்குட்டி மாதிரி வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் அது வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றபோதுதான் அவருக்கு விஷயம் விளங்கிற்று. அவள் தட்டுச் சோறு அங்கேதான் போயிருக்கிறது. நாய் பெருக்கப் பெருக்க அவள் இளைக்கிறாள். சொல்லிக் கத்தியிருக்கலாம். கத்தினால் சாப்பிடுவாளா? கத்தி எதைத்தான் சாதித்திருக்கிறார், மெஷின் ஓடின இடத்தைத் தவிர. ஒரு நாள் அந்தக் குழாய்ச் சத்தம் கேட்காது. பேப்பரைப் பிரித்தபடி அவர் உட்கார்ந்திருப்பார், தட்டுச் சத்தமும் கேட்காது, குழாய்ச் சத்தமும் கேட்காது. சீ. என்ன நினைப்பு இது. குளிர் வேறு. ஏ.சி.யை இப்படியா போட்டுத் தள்ளுவான். போர்வையைக் கேட்கலாமா என்று நினைத்தார். அவள் மடித்து வைத்ததைக் கலைக்க மனசு வரவில்லை.

ஜெசிந்தா வந்தாள். திரையை மறைக்காமல் இருக்க இடுப்பை வளைத்துக் குனிந்தே நடந்து வந்தாள், களை எடுக்கிறவள் மாதிரி. டார்ச்சைக் கையால் பொத்தி விரல் நடுவில் சீட் நம்பரைப் பார்த்தாள். சீட்டோடு சேர்ந்த சின்னப் பலகையைத் திருப்பி, அவர் முன்னால் ஒரு கிண்ணத்தை வைத்தாள், மயிலாத்தாள் முன்னால் ஒரு தட்டை வைத்தாள், "என்ஜாய்" என்று கிசுகிசுத்துவிட்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போய்விட்டாள். நஞ்சப்பன் கையை விட்டுத் துழாவினார். அப்பளம் இல்லை. சுட்டது. கிண்ணம். மூக்கில் பால் காய்ச்சின வாடை, சோள வாடை. சூப். நோயாளிச் சூப். அப்புறம்தான் உறைத்தது. நம்பர்! நம்பர் பார்த்து வைத்திருக்கிறாள். அவர்தான் இடத்தை மாற்றி உட்கார்ந்துகொண்டாரே. அவருடைய மூணு மூலை அப்பளம் மயிலாத்தாள் முன்னால். பட்டன் எங்கே? சாய்க்கிற பட்டன் ஒன்று, ஆளைக் கூப்பிடுகிற பட்டன் ஒன்று, இருட்டில் எது எது. விரல் தடவிக்கொண்டு போனது. அப்போது கேட்டது.

கறுக்.

திரையில் கார் வெடித்த சத்தத்துக்கு நடுவில், இடது பக்கத்திலிருந்து, தெளிவாக. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. சும்மா கை பட்டு ஒடிந்திருக்கும் என்று நினைத்தார். வளையல் கிலுகிலுவென்று கீழே வந்தது, தட்டு வரைக்கும். மறுபடி கிலுகிலுவென்று முழங்கை வரைக்கும் ஏறியது. கறுக். நஞ்சப்பனின் விரல் பட்டன் மேல் அப்படியே நின்றது. மூச்சையும் நிறுத்திக்கொண்டார். தலை திரும்பப் பார்த்தது, பிடித்து வைத்தார். திரும்பினால் போச்சு. திரும்பினால் முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சாப்புடுங்க" என்று தட்டை நகர்த்திவிடுவாள். கிணற்றுக் கட்டையில் வந்து உட்கார்ந்த சிட்டுக்குருவியை ஓரக்கண்ணால் பார்க்கிற மாதிரி, பார்க்காமல் பார்க்க வேண்டும். கண்ணைத் திரையில் குத்தி நிறுத்தினார். அங்கே ஒருத்தி அழுதாள். என்னவோ அவளுக்குக் கஷ்டம். இங்கே கிலுகிலு ஏறியது. கறுக். கறுக். அவள் பல் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது. அவருக்குக் கடைவாயில் இரண்டு இல்லை, அந்த அப்பளம் அவர் முன்னால் வந்திருந்தால் நனைத்துத்தான் தின்றிருப்பார். நல்லதாய்ப் போயிற்று. என்ன இருக்கிறது அந்தத் தட்டில்? காற்றில் ஒரு வாடை வந்தது. புளிச்ச வாடை, காடியில் ஊறின பச்சை மிளகாய் வாடை. மிளகாயா? வயிற்றுக்கு ஆகாதே, டாக்டர் என்ன சொல்லுவார், காய்ச்சல் குடல் இன்னும் புண்ணாக இருந்தால்? அந்தப் பயம் ஒரு பக்கம் எழும்பியது. டாக்டர்தானே ஆசைப்பட்டுத் தின்னச் சொன்னார் என்று இன்னொரு பக்கம் அதை உட்கார வைத்தது. "ஸ்ஸ்ஸ்" என்று உறைப்பை உறிஞ்சுகிற சத்தம். நாக்கு செத்துப்போனவள் எதற்கு "ஸ்ஸ்ஸ்" என்கிறாள்? செத்த நாக்குக்கு உறைக்குமா? உறைக்கிறதே! ஃபோர்மேன் நஞ்சப்பனுக்கு எழுந்து நின்று சீட்டியடிக்க வேண்டும் போல இருந்தது. திரையில் கதாநாயகன் அப்போதுதான் யாரையோ தூக்கி அடித்தான், தியேட்டரே சீட்டியடித்தது. சரி, எல்லாரும் சேர்ந்து அடித்த மாதிரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

சூப்பைக் குடித்தார். குடிக்காமல் இருந்தால் ஏன் குடிக்கவில்லை என்று அவள் இந்தப் பக்கம் திரும்புவாள். சப்பென்று இருந்தது. பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சின கஞ்சி கொஞ்சம் மேல். இதையா அவளுக்குச் சொன்னோம். இதைக் குடித்திருந்தால் இருக்கிற நாக்கும் செத்திருக்கும். வீட்டிலும் இதுதானே நடந்தது, ரசஞ்சோறு, இட்லி, பால் சோறு, கோகிலா போனில் சொல்லச் சொல்ல எல்லாம் வெள்ளை வெள்ளையாக, காரம் இல்லாமல், புளி இல்லாமல். புளி. மிதித்த இடத்தில் தண்ணீர் வருகிற மாதிரி அந்த வார்த்தையிலிருந்து ஒன்று வந்தது. கம்பெனி குவார்ட்டர்ஸ். கோகிலா வயிற்றில் இருந்த சமயம். ஷிப்ட் முடியும் முன்னாலேயே ஏதோ காரணத்தால் வீட்டுக்கு வந்துவிட்டார். பின்பக்கம் துணி துவைக்கிற கல் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள், காலை ஆட்டிக்கொண்டு, மடி நிறையப் புளியம்பிஞ்சு, உள்ளங்கையில் உப்பும் மிளகாய்த்தூளும். அவரைப் பார்த்ததும் எழுந்தாள், மடியிலிருந்தது எல்லாம் கல்லைச் சுற்றிச் சிதறியது. "சீக்கிரம் வந்துட்டீங்களாட்ட இருக்குது" என்றாள். வாயில் இருந்ததை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. அவர் என்ன சொன்னார்? தண்ணீர் கேட்டார். இத்தனை நாள் எங்கே போயிருந்தது இந்தக் கல், இந்தப் பிஞ்சு, அந்தக் கன்னம்? இன்றைக்கு ஒரு மூணு மூலை அப்பளம் வந்து பெயர்த்து எடுத்துப் போட்டது. பிள்ளைத்தாய்ச்சி எல்லாரும் புளி தின்பதுதான், அதில் என்ன என்று அன்றைக்கு நினைத்திருப்பார். அவளுக்கு எப்போதுமே அதுதான் பிடித்திருக்குமோ? வயிற்றில் பிள்ளை இருந்தால் மட்டும் கேட்க உரிமை உண்டு என்று அப்போது மட்டும் தின்றாளோ? கிலுகிலு. கறுக். ஸ்ஸ்ஸ். தின்னு. தின்னு தாயே. இருட்டு இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்.

முன்வரிசையில் ஒருத்தன் போனை எடுத்தான். அந்த வெளிச்சம் அவள் கைவரைக்கும் வந்தது. கை பாதியில் நின்றுவிட்டது. நஞ்சப்பன் காலை நீட்டி அவன் சீட்டின் முதுகில் ஒரு உதை வைத்தார். "ஏப்பா, படம் பாக்க வந்தயா, போன் பாக்க வந்தயா? அணை அதை." "ஒரு நிமிஷம் சார்." "ஒரு நிமிசமெல்லாம் கெடையாது. அணை." அணைத்துவிட்டான். மயிலாத்தாள் மெதுவாகச் சொன்னாள், "அட, விடுங்க. படத்துல அப்படி என்ன கெட்டுப்போச்சு உங்களுக்கு?" "நல்ல கட்டம் போயிட்டிருக்குதல்ல" என்றார். "எது, கெழவி செத்ததா?" யாரோ செத்துவிட்டாள் போல. "ஆமாமா" என்று முனகினார். கிலுகிலு மறுபடி ஏறியது. அப்பாடா என்று சாய்ந்தார்.

சாய்ந்த கையோடு இன்டர்வல் போட்டுவிட்டான். பளிச்சென்று விளக்கு. பாவிப்பயல்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் படம் ஓட்டத் தெரியாதா? கண் கூசியது. ஓரக்கண்ணில் தெரிந்தது: அவள் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டுவிட்டாள். தட்டின் மேல் அந்த மடித்த போர்வை. போர்வையைப் போட்டுத் தட்டை மூடிவிட்டாள்! சின்னப்பிள்ளை மிட்டாயை மறைக்கிற மாதிரி. முகம் திரைப்பக்கம். உதட்டோரத்தில் மஞ்சளாக ஒரு தீற்று. அவ்வளவுதானா? முடிந்துவிட்டதா? உட்கார்ந்திருந்தால் அவள் கையை வெளியே எடுக்கப் போவதில்லை. "பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று எழுந்தார். "நானும் வரட்டுங்களா?" "எதுக்கு? சீட்டைப் பாத்துக்க. எவனாச்சும் வந்து உக்காந்துக்குவான்." நம்பர் போட்ட சீட்டில் எவன் வந்து உட்காருவான். ஆனாலும் தலையை ஆட்டினாள்.

பாத்ரூமுக்குப் போகவில்லை. வெளியே தாழ்வாரத்தில் நின்று, கதவில் இருந்த வட்டக் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். உயரம் எட்டவில்லை, கண்ணாடியில் அவர் வழுக்கைதான் தெரிந்தது. இந்த வயதில் இப்படி ஒரு பிழைப்பு. எவனாவது தெரிந்தவன் பார்த்தால் என்ன சொல்வான், பொண்டாட்டியை வேவு பார்க்கிறான் கிழவன் என்பான். சொல்லட்டும். முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. "சார், ஸாரி சார், இப்பத்தான் பாத்தேன். உங்க பிளேட்டை மேடத்துக்கும் மேடம் சூப்பை உங்களுக்கும் மாத்தி வச்சிட்டேன்." ஜெசிந்தா முகத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். "மேடத்துக்கு உடம்பு சரியில்லன்னீங்க, அதுல ஜலபீனோ இருக்கு, பயங்கர காரம். உடனே மாத்திக் குடுத்துடறேன் சார்." "தொட்டீன்னா கெட்ட கோவம் வரும்" என்றார். அவள் பயந்தே போனாள். "இல்லம்மா. உன்னையச் சொல்லல." எப்படிச் சொல்வது? இந்தப் பெண்ணிடம் எதைச் சொல்வது? நாயைச் சொல்வதா, வளையலைச் சொல்வதா? "அவங்க அதையத்தான் தின்னுட்டு இருக்காங்க" என்றார். அவ்வளவுதான் வந்தது. சொல்லும்போது முகம் என்ன ஆனதோ, அந்தப் பெண் அவரையே பார்த்தாள், அப்புறம் அவளும் கதவருகே வந்து வட்டக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு உயரம் எட்டியது. "தெரியுதா?" "தெரியுது சார்." "என்ன பண்றா?" "போர்வையைத் தூக்கிட்டு எடுக்கறாங்க சார். ஒண்ணு. ஒண்ணு வாய்ல போட்டாச்சு. சுத்தியும் பாக்கறாங்க. இன்னொண்ணு எடுக்கறாங்க." நஞ்சப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவரில் ஐஸ்கிரீம் விளம்பரம். அதில் ஒரு குழந்தை காரணம் இல்லாமல் சிரித்தது. அவருக்கும் காரணம் இல்லாமல் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "இன்னொண்ணு கொண்டா. அதே அப்பளம்." "நாச்சோஸா சார்?" "என்ன எழவோ. அந்த மிளகா சித்த கூடப் போடச் சொல்லு." "உங்களுக்கா சார்?" "எனக்கெதுக்கு? எனக்கு சூப் இருக்குதல்ல."

உள்ளே வந்தபோது இருட்டிவிட்டது. மயிலாத்தாள் அவர் காதருகே சாய்ந்து கதை சொன்னாள். அடிக்கிறவனுக்குத் தெரியாதாம், அடிபடுகிறவன் அவன் கூடப்பிறந்த அண்ணனாம். அவளுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டதாம், இரண்டு பேருக்கும் ஒரே மூக்காம். குரலில் மிளகாய் வாடை. பேச்சு நீண்டுகொண்டே போனது. நீண்ட பேச்சு கேட்டும் நாளாயிற்று. "ம்" என்றார். "நீங்க பாக்கறதே இல்ல, வேறெங்கயோ பாத்துட்டு உக்காந்திருக்கீங்க." "பாத்துட்டுத்தான் இருக்கறேன்." அப்புறம் கிலுகிலு ஏறவில்லை. தட்டில் விரல் தேய்கிற சத்தம், வழிக்கிற சத்தம். தீர்ந்துவிட்டது. தட்டு தீர்ந்துவிட்டது! அந்த ஜெசிந்தா எங்கே தொலைந்தாள்? ஒரு தட்டு அப்பளம் ஒடிக்க இவ்வளவு நேரமா? கம்பெனியாக இருந்தால் அவர் போய் நின்று ஒரு சத்தம் போட்டிருப்பார். திரையில் அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டார்கள், அவசரப்பட்டுக் கட்டிக்கொண்டார்கள், இப்படியே போனால் படம் முடிந்துவிடும், விளக்கு வந்துவிடும், வெளிச்சத்தில் அவள் தொடமாட்டாள். இன்னும் ஒரு சண்டை வையேன்டா. இன்னொரு வில்லன் இல்லையா உன்னிடம். எல்லாப் படத்தையும் சீக்கிரம் முடிக்க மாட்டானா என்று நெளிந்த மனிதர், இந்தப் படம் முடியக்கூடாது என்று முதல் தடவையாக நெளிந்தார். ஜெசிந்தா குனிந்து ஓடி வந்து தட்டை வைத்தாள், இந்தத் தடவை சரியான ஆளின் முன்னால். "இது ஆருக்குங்க?" என்று மயிலாத்தாள் கேட்டாள். "உங்களுக்குத்தாம்மா. சார் சொன்னாங்க." அவள் ஏதோ சொல்ல வாயெடுத்த அதே நொடியில் விளக்கு வந்தது. படம் முடிந்தது.

எல்லாரும் எழுந்தார்கள். சீட்டுகள் நிமிர்கிற சத்தம், செருப்புச் சத்தம். மயிலாத்தாள் தட்டையும் அவரையும் பார்த்தாள். தொடாத தட்டு. ஆவி பறந்தது, மேலே பச்சை மிளகாய் வட்டம் வட்டமாகக் கிடந்தது. கண்டுபிடிக்கப்பட்டவள் முகம் அது. "நா ஒண்ணும் கேக்கலீங்க" என்றாள். "நாந்தான் கேட்டேன்." "உங்களுக்குங்களா?" "எனக்கு உறைக்கும்." தட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் திரும்ப அவள் பக்கம் தள்ளினார். எழுந்து வெளியே போய் நின்றுகொள்ளலாம், தாழ்வாரத்தில், வட்டக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அப்போது சாப்பிடுவாள். கால் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. போகவில்லை. எத்தனை நாளைக்குக் கதவுக்கு அந்தப் பக்கமே நிற்பது? "நா இங்கயேதான் உக்காந்திருப்பேன்" என்றார். "கூச்சமா இருக்குதுங்க." "எனக்கும்தான் இருக்குது. தின்னு."

தியேட்டர் காலியாயிற்று. துடைப்பத்தோடு இரண்டு பேர் மேல்வரிசையிலிருந்து கூட்டிக்கொண்டு இறங்கினார்கள். அதில் மேஸ்திரி மாதிரி இருந்த ஒருவர் வந்து நின்றார். "ஐயா, அடுத்த ஷோவுக்கு கிளீன் பண்ணணும். பார்சல் பண்ணித் தரட்டுங்களா?" மயிலாத்தாள் வெடுக்கென்று எழப் பார்த்தாள். நஞ்சப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். எலும்பும் வளையலுமாக இருந்தது கை. அதை விடாமல் அந்த ஆளை நிமிர்ந்து பார்த்தார். "சாப்புட்டுட்டு இருக்காங்கல்ல. முடிக்கட்டும். அந்தப் பக்கத்துல இருந்து கூட்டிட்டு வாங்க." அந்த ஆள் மயிலாத்தாளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அந்தப் பக்கம் போனார். கையை விட்டார் நஞ்சப்பன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அப்புறம் ஒரு மூணு மூலையை எடுத்தாள், அதன் மேல் ஒரு மிளகாய் வட்டத்தை விரலால் எடுத்து வைத்தாள், மஞ்சளில் தோய்த்தாள், பக்குவமாக, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி. வாயில் போட்டாள். முழு வெளிச்சத்தில், அவர் கண்ணுக்கு நேராக. புளிப்பு ஏறினதும் அவளுடைய இடது கண் தானாக மூடிக்கொண்டது. வலது கண் திறந்தபடியே இருந்தது, அவரைப் பார்த்துக்கொண்டு. அவள் அப்படித்தான் சாப்பிடுவாள் போல. ஒரு கண்ணை மூடிக்கொண்டு. "என்னங்க அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் வாய் நிறைய. நஞ்சப்பன் கைப்பிடிப் பட்டனை அமுக்கி நன்றாகச் சாய்ந்துகொண்டு, அடுத்த வாய்க்காகக் காத்திருந்தார்.